தறிக்குடிலில் வரைந்த கோடு

புற்றுநோய் வாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மருந்துகளைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த மருந்துகளின் பெயர்களே எனக்குச் சரியாக வாயில் வருவதில்லை. கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் சில மாதங்களில் உங்கள் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது ஒரு நோயாளியைப் பற்றி. ஐம்பதுகளின் நடுவில் இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்தது. அவரும் அவருடைய வீட்டாரும் எனக்குக் கற்றுத்தந்ததை வைத்துக்கொண்டுதான் மிகுதிக் காலம் முழுவதும் வேலை செய்தேன். அந்த நன்றியோடு இதை எழுதுகிறேன்.

முதலில் அன்றைய ரேடியம் வாட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இன்று நோயாளி யந்திரத்தின் கீழே படுக்கிறார், சில நிமிடங்களில் எழுந்து வீட்டுக்குப் போகிறார். அன்று வாயில் புற்று வந்தவருக்கு, ரேடியம் அடைத்த மெல்லிய ஊசிகளைக் கன்னத்துக்குள்ளேயே செருகி வைப்பார்கள். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு நூல் கட்டியிருக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் அவை உள்ளே இருக்கும். அந்த நாட்களில் நோயாளியின் உடலிலிருந்து கதிர் வெளியே வரும். அதனால் அவருக்குத் தனி அறை. தாதியரான நாங்களும் வேலையை முடித்துக்கொண்டு உடனே விலகிவிடவேண்டும். பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிலிலிருந்து தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டிருக்கும். பெரியவர்கள் கோட்டுக்கு இப்பால் நின்று பேசலாம். பிள்ளைகள் அறைக்குள்ளேயே வரக்கூடாது. "உங்களுக்குள்ளே ரேடியம் இருக்கிறது, யாரையும் கிட்ட எடுக்கவேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளை" என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லப்படும்.

குறித்த நாட்கள் முடிந்ததும் நூலைப் பிடித்து ஊசிகளை உருவி, எண்ணிப் பார்த்து, ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து நோயாளியும் மற்ற மனிதரைப் போலத்தான். அவரிடமிருந்து எந்தக் கதிரும் வராது. வாட்டில் எல்லோருக்கும் இது அவ்வளவு தெளிவாக இருந்ததால், நோயாளிக்கு இதை ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

கொழும்புப் பக்கத்தில் அப்படியொரு வாட்டில் வேலை பார்த்துவிட்டு, மாற்றம் கேட்டு ஊர்ப்பக்கம் வந்தேன். என் ஊர் காரைதீவு. வேலை கிடைத்தது கரையோரத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில். கொழும்பில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவர்கள் அங்கேதான் மாதம் ஒருமுறை காட்ட வருவார்கள். நான் ரேடியம் வாட்டில் இருந்தவள் என்பதால் அவர்கள் எல்லோரையும் டொக்டர் என் பொறுப்பில் விட்டிருந்தார். தாதியான என்னை அவர்கள் 'மிஸி' என்பார்கள்.

நோயாளியின் உண்மைப் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆதம்பாவா என்று வைத்துக்கொள்வோம். மருதமுனைத் தறிகாரர். இடுப்பில் கட்டும் சாரன் நெய்வதில் பேர்போனவர். தறியில் இருக்கும் நேரமெல்லாம் புகையிலையும் வெற்றிலையும் இடக் கன்னத்தில் அடக்கியிருப்பார். புற்று அந்தக் கன்னத்தில்தான் வந்தது. கொழும்பில் ரேடியம் வைத்து அதை ஆற்றி அனுப்பியிருந்தார்கள். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள். அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்குக் கலியாணமானால் வீடு மகளுக்குரியது, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். ஆதம்பாவாவும் வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மகள், மருமகன், இரண்டு வயதுப் பேத்தி ஆகியோருடன் அதே வீட்டில் இருந்தார் என்றே நினைத்திருந்தேன்.

ஒருமுறை காட்ட வந்தபோது டொக்டர் அவருடைய தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. சிறு புளியங்கொட்டை அளவில் ஒரு நெறி; கன்னத்துப் புற்று அங்கே இறங்கிக் கட்டியாகியிருந்தது.

"இது இப்ப அசையுது" என்றார் டொக்டர். "அசையிற வரைக்கும் வெட்டி எடுக்கலாம். ஒட்டிப் பிடிச்சிட்டா ஒருத்தராலும் ஒண்டும் செய்ய ஏலாது. கெதியாக் கொழும்புக்குப் போகவேணும்."

"கொழும்புக்கோ ஐயா?"

"ஓம். நான் கடிதம் தாறன்."

ஆதம்பாவா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "யோசிச்சுச் சொல்றன்" என்றார். கடிதத்தை வாங்காமலே போய்விட்டார். பிறகு வரவுமில்லை.

சில நாட்கள் கழித்து அவருடைய மகள் குழந்தையின் இருமலுக்கு மருந்தெடுக்க வந்தாள். வரிசையில் நின்றவளைக் கூப்பிட்டு, வாப்பா எப்படி என்று கேட்டேன்.

"வாப்பா எங்களோட இல்ல மிஸி" என்றாள்.

"எங்க போயிட்டார்?"

"எங்கயும் போகல்ல. வளவுக்குள்ளதான், தறிக்குடில்ல. கொழும்பால வந்த நாள்ல இருந்து படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கதான். கோப்பையையும் தானே கழுவுறாரு. இவள் 'மூத்தப்பா' எண்டு ஓடினா, 'கொண்டு போ புள்ளைய' எண்டு ஏசுறாரு. என்ன கோவமெண்டு கேட்டாச் சொல்றாரில்ல."

"உங்கட வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

அவள் கண் கலங்கியது. "அவர் என்னத்தச் சொல்ற? ஊரெல்லாம் கதை, மாப்பிள்ளை மாமனாரத் தறிக்குள்ள விரட்டிட்டாரெண்டு. கடைக்கு வந்து முகத்துக்கு நேரேயே கேக்கிறாங்க. 'மாமா என்னை ஊருக்கு முன்னால நாணப்படுத்துறாரு' எண்டு இவரும் கதைக்கிறத விட்டுட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவில நான்தான் சோத்துக் கோப்பையத் தூக்கிக்கிட்டு நடக்கிற."

கொழும்புக்குப் போக மறுப்பதற்கும் தறிக்குடிலுக்குப் போனதற்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. டொக்டரிடம் சொல்லிவிட்டு அன்று மாலையே மருதமுனைக்குப் போனேன்.

தறிக்குடில் வளவின் பின்பக்கம் இருந்தது. தென்னங்கிடுகு வேய்ந்தது. ஆதம்பாவா தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க மிஸி! அதுல நில்லுங்க. அந்தக் கதிரையில இரிங்க."

வாசலுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு கதிரை கிடந்தது. அதற்கு முன்னால் மண் தரையில் சுவருக்குச் சுவர் ஒரு நீலக் கோடு. சாயத்தில் தோய்த்த கயிற்றை இழுத்து அடித்த கோடு, கொஞ்சமும் கோணல் இல்லை. தறிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதே தூரத்தில்தான் கொழும்பு வாட்டிலும் கோடு போட்டிருந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர், வாட்டில் கேட்ட கட்டளையை வீடு வரைக்கும் கொண்டுவந்து, மாதக்கணக்காகக் காத்துவந்திருக்கிறார்.

நான் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தேன். அவர் குழியிலிருந்து எழுந்து ஓர் அடி பின்னே போனார்.

"வாப்பா, எல்லா ஊசியையும் எடுத்தாச்சு. எண்ணித்தான் எடுப்பாங்க."

"எடுத்தாங்க. நானும் எண்ணின. ஆனா மிஸி, அடுப்ப அணைச்சுப்போட்டு அடுப்புக்கல்லுல கைய வெச்சுப் பாருங்க."

"அது கொஞ்ச நேரத்தில ஆறிடுமே."

"இது ஆறல்ல." முகத்தைத் திருப்பிக் காட்டினார். வலப்பக்கத் தாடி வெள்ளையாக, ஒழுங்காகக் கத்தரித்திருந்தது. இடப்பக்கம் ஊசி இருந்த இடத்தில் ஒரு மயிர்கூட இல்லை. "இதுல ஒண்டும் முளைக்கல்ல. வாய்க்குள்ள எச்சில் ஊறுதில்ல. உள்ளுக்கு ஏதோ கிடந்துதானே எரிக்குது?"

அது ரேடியம் செய்துவிட்டுப் போன வேலை, ரேடியம் இப்போது இல்லை என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நல்ல மனிசி. எனக்குத் தைரியம் சொல்றீங்க" என்றார். "மறுகாக் கொழும்புக்குப் போனா மறுகா ஊசி குத்துவாங்க. உள்ளுக்குக் கிடக்கிறது இன்னும் கூடும். இப்ப இங்க இருந்துகொண்டு புள்ள முற்றத்துல விளையாடுறதப் பாக்கிறன். பிறகு இதுக்கும் ஏலாமப் போகும்."

"இந்த முறை ஊசியில்ல வாப்பா. கத்தியால வெட்டி எடுக்கிறதுதான்."

"முதலும் 'ஒண்டுமில்ல, சின்ன ஊசி' எண்டுதான் சொன்னாங்க."

"இதையெல்லாம் மகளுக்கும் மருமகனுக்கும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவங்க கேப்பாங்களா? 'அதெல்லாம் ஒண்டுமில்ல வாப்பா' எண்டு புள்ளையக் கொண்டுவந்து மடியில வெச்சிடுவாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மவுத்துக்கு நான் பயமில்ல மிஸி. அது அல்லாஹ்ட கையில. புள்ளைக்கு ஒண்டு வந்தா அது என்ட கையில."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் சொல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லாதது என்மேல் உள்ள அவமதிப்பால் அல்ல. அவருடைய கன்னம் ஒன்று சொல்கிறது, நான் ஒன்று சொல்கிறேன். யாராயிருந்தாலும் தன் கன்னத்தைத்தான் நம்புவார்கள். சொல்லை விட்டுவிட்டு வேறு வழி தேடவேண்டும்.

ரேடியம் வாட்டில் வேலை செய்தபோது எங்கள் சட்டையில் ஒரு சிறு பொட்டலத்தைக் குத்திவிடுவார்கள். உள்ளே, வெளிச்சம் படாமல் கறுப்புக் கடதாசியில் சுற்றிய ஒரு துண்டுப் பில்ம். எங்கள் மேல் கதிர் பட்டிருந்தால், கழுவும்போது அது கறுத்திருக்கும். அந்தப் பொட்டலத்தை ஆதம்பாவாவின் கன்னத்தில் கட்டிப் பார்த்தால் என்ன?

கல்முனைக் கடைத்தெருவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் படம் பிடிக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருக்கு யாரைக் கண்டாலும் ஒரு பகிடி வேண்டும்.

"என்னகா தங்கச்சி, கலியாணப் படமா? மாப்பிள்ளை எங்க, வெளியில நிக்கிறாரா?"

"மாப்பிள்ளை இல்ல அண்ணன். ஒரு கன்னம்தான் இருக்கு" என்று விஷயத்தைச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? வெறும் பில்ம் ஒண்டக் கழுவித் தாறன். கொண்டுபோய், 'இந்தா வாப்பா, ஒண்டுமில்ல' எண்டு காட்டிவிடு."

"அவர் தன்ட ஊசியத் தானே எண்ணின மனிசன் அண்ணன். பொய்யெண்டு தெரிஞ்சா பிறகு ஒருத்தர் சொல்றதையும் கேக்கமாட்டார். கழுவும்போது அவரே கிட்ட நிண்டு பாக்கவேணும்."

"அப்பச் சரி. கன்னத்துக்கு ஒண்டு, இங்க சும்மா கிடக்க ஒண்டு. பில்ம் பெட்டி பழசுகா. நாளைக்குப் படம் பிழைச்சா, உன்ட பிழையோ என்ட பிழையோ எண்டு தெரியவேணும்."

அப்போது அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டொக்டருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "நீ சொல்லி அவர் நம்பாவிட்டால் நாளைக்கு நான் சொல்லலாம், நாளை மறுநாள் வேறொருவர் சொல்லலாம்" என்றார். "அந்தப் பில்ம் வியர்வையிலோ வெளிச்சத்திலோ கெட்டு, ஒரு கறுப்பு விழுந்துவிட்டால்? அதற்குப் பிறகு அவரைக் கொழும்புக்கு அனுப்ப யாராலும் முடியாது. அந்தப் பொறுப்பை நீ எடுக்கிறாயா?"

நெறி அசைந்துகொண்டிருக்கும் காலம் எவ்வளவு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வேறு வழியும் தெரியவில்லை. எடுக்கிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. அதற்கு அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுபடி தறிக்குடிலுக்குப் போய், இந்த முறை கோட்டுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்து, செய்யப்போவதை விளக்கினேன். ஆதம்பாவாவின் முகத்தில் முதல்முறையாக ஓர் ஆர்வம் தெரிந்தது.

"ரேடியம் இருந்தா அந்தப் பில்ம் காட்டிக்குடுக்கும் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரே அதற்கு வழியும் சொன்னார்: "மருமகனுக்குக் கலியாணத்துக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கிக் குடுத்தன். இருட்டுல முள்ளும் இலக்கமும் வெளிச்சம் போடும். அது ரேடியம் பூசினது எண்டு கடைக்காரர் பெருமையாச் சொன்னாரு. அதுக்கும் ஒரு பில்ம் வெச்சுப் பாப்பமா?"

"வெச்சுப் பாப்பம். ஆனா மருமகனுக்குக் காரணம் சொல்லவேணுமே. சொல்லலாமா?"

நெய்த துணியைத் தடவிவிட்டார். "முடிவு தெரியிற வரைக்கும் புள்ளைய இங்கால விடுறல்ல எண்டு அவர்ட வாக்கு வாங்கிக்கொண்டு சொல்லுங்க."

மருமகன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல, அளந்துகொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவியது.

"அப்ப மாமாக்கு என்னோட கோவமில்லையா?" என்று மட்டும் கேட்டார். உடனே மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அதைச் சந்தேகமாகப் பார்த்தார். "மிஸி, நான் இதக் கட்டிக்கிட்டுத்தானே படுக்கிற?"

மிகவும் சொற்பம், கண்ணாடிக்குள் இருக்கிறது, பயப்படவேண்டாம் என்றேன். ஆனாலும் அவர் அதைக் கைக்குட்டையால் பிடித்தே எடுத்தார்.

ஆதம்பாவா ஒரு நிபந்தனை போட்டார். தன் கன்னத்தில் பில்ம் இருக்கும் நேரமும் மணிக்கூட்டின் கீழே பில்ம் இருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும். தொழுகைக்கு வுழு எடுக்க முகம் கழுவவேண்டும், சாப்பிடவேண்டும். அந்த நேரங்களில் அவர் பொட்டலத்தை அவிழ்ப்பார். அப்போது வீட்டுக்குள்ளே மணிக்கூட்டையும் தூக்கிவிடவேண்டும். ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய என்று இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தொடங்கினோம். பொட்டலத்தை ஈரம் புகாத நெய்க்கடதாசியில் சுற்றி, அவர் நெய்த துணிக் கீலத்தால் தாடையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பல்வலிக்காரரைப் போல இருந்தார். மணிக்கூடு மற்றப் பில்மின் மேல் முகம் குப்புறக் கிடந்தது.

சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம் அந்த வளவுக்குப் போனேன். வேலிக்கு வெளியிலேயே குரல் கேட்டது.

"மாமா, எடுத்தாச்சா?"

"எடுத்த. நீங்க?"

"எடுத்த மாமா. மணிக்கூட்டுக்கும் வுழு எடுக்கவா?"

தறிக்குடிலுக்குள் ஆதம்பாவா சிரிக்கும் சத்தம். தாடையில் கட்டு இல்லாததால் நன்றாகவே சிரித்தார். தொழுகை முடிந்தது. மறுபடி மருமகனின் குரல்.

"திருப்பி வெப்பமா மாமா?"

"பொறுங்க. நீங்க பகலைக்குச் சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. கடையில சனம்."

"அப்ப முதல்ல சாப்பிடுங்க மருமகன். பிறகு வெப்பம்."

"நேரம் போகுதே மாமா!"

"எனக்கும் அதே நேரம்தானே போகுது. சாப்பிடுங்க."

அடுப்படி வாசலில் நின்ற மகள் என்னைக் கண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள். மாதக்கணக்காகக் கதைக்காதவர்கள் இரண்டு நாட்களாக முற்றத்துக்கு மேலால் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் திட்டமிடவில்லை. ஆதம்பாவா தன் கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று போட்ட நிபந்தனையால் வந்தது.

ஞாயிறு நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். மகளும் மருமகனும் குழந்தையும் முன்னறையில். ஆதம்பாவாவும் நானும் படக்காரரும் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில். அடையாளத்துக்காகப் படக்காரர் கன்னத்துப் பில்மில் ஒரு மூலையையும், மணிக்கூட்டுப் பில்மில் இரண்டு மூலைகளையும் வெட்டியிருந்தார். சும்மா கிடந்ததை வெட்டவில்லை.

முதலில் மணிக்கூட்டுப் பில்ம். மருந்துத் தட்டில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வட்டமாகச் சில மங்கல் புள்ளிகள், பிறகு நடுவில் முட்கள் சுற்றிய இடத்தில் ஒரு மங்கல்.

"அல்லாஹ்வே" என்றார் ஆதம்பாவா. "மணிக்கூடேதான்."

அடுத்தது கன்னத்துப் பில்ம். வெளிறிப்போய்க் கிடந்தது. நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியுமுன் ஒரு பக்க ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டி தெரிய ஆரம்பித்தது. படக்காரர் தட்டை அசைத்தார். பட்டி இன்னும் கறுத்தது.

ஆதம்பாவா கதவுப் பக்கம் நகர்ந்தார். என்னை விட்டு விலகத்தான் நகர்ந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நான் சொன்னன்தானே மிஸி" என்றார்.

அந்த நொடியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வியர்வை பட்டது, கடதாசி கிழிந்திருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தால், ஸ்டூடியோக்காரர் முதலில் சொன்ன வெறும் பில்முக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

"இது என்னெண்டு எனக்குத் தெரியாது வாப்பா" என்றேன்.

அவர் கதவில் கை வைத்தபடி நின்றார். பிறகு, "அந்தச் சும்மா கிடந்ததையும் கழுவுங்க" என்றார்.

படக்காரர் மூன்றாவதைத் தட்டில் போட்டார். வெளிறிய பில்ம். அதன் ஓரத்தில், அதே பக்கத்தில், அதே அகலத்தில், அதே சாம்பல் பட்டி.

மூன்றையும் வரிசையாகத் தூக்கிப் பிடித்தார். மணிக்கூட்டுப் பில்மின் ஓரத்திலும் அது இருந்தது. புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

"பெட்டி பழசு எண்டு நான் முதல்லயே சொன்ன" என்றார் படக்காரர். "மூடியால வெளிச்சம் இறங்கியிருக்கு."

ஆதம்பாவா கிட்ட வந்தார். மூன்று ஓரங்களையும் விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு போனார், நெய்த துணியில் பிழை பார்ப்பதுபோல.

"ஓம்" என்றார். "மூணும் ஒரே தொட்டியில தோய்ச்ச சாயம். இது என்ட கறையில்ல." நிமிர்ந்து, "அப்ப எனக்குள்ள ஒண்டுமில்ல. பொல்லாத சாமான் மருமகன்ட கையிலதான் கிடந்திருக்கு!" என்றார். சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்து முன்னறைக்குப் போனோம். மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் மகள் குழந்தையோடு நின்றாள். ஆதம்பாவா அங்கேயே குந்தி, குழந்தையிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வாங்க மகள், மூத்தப்பாட்ட வாங்க."

குழந்தை அவரைப் பார்த்தது. தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டு அழுதது. அதன் சிறிய நினைவில் அவர் எப்போதும் ஏசித் துரத்துகிறவர். மகள் அதைப் பிடித்து முன்னே தள்ளப் பார்த்தாள். மருமகன், "இவள் எல்லாருக்கும் இப்படித்தான் மாமா" என்று தடுமாறினார்.

"விடுங்க, விடுங்க. அவள்ல பிழையில்ல." ஆதம்பாவா எழுந்து, படம் பிடிக்க உட்காரும் முக்காலியில் அமர்ந்தார். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவள் என்னட்ட வாறத்துக்கு நாள் செல்லும். அது வரைக்கும் நான் இரிக்கணுமே."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மட்டக்களப்பு பஸ் எத்தின மணிக்கு மிஸி?"

அந்த வாரமே மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். மருமகனும் கூடப் போனார். நெறி அப்போதும் அசைந்துகொண்டிருந்ததால் வெட்டி எடுக்க முடிந்தது.

நான் கொழும்பு வாட்டின் தலைமைத் தாதியான சிஸ்டருக்கு நடந்ததை எழுதியிருந்தேன். கண்டிப்பானவர். தனக்குக் கீழே வேலை செய்தவள் புத்தி சொல்கிறாள் என்று கோபிப்பாரோ எனப் பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாட்டில் ஊசி எடுத்த அன்றே, நோயாளியின் மொழி பேசுகிற ஒருவரைக் கூட்டிவந்து, இனி ஒன்றுமில்லை என்று சொல்லவைத்தார். வீட்டாரைக் கோட்டைத் தாண்டி வரச்சொல்லி, நோயாளியின் கட்டிலில் உட்காரவும் வைத்தார். பின்னாளில் அந்த வாட்டுக்குப் போனபோது, யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தியின் கட்டிலில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். ஒழுங்கு விரும்பும் எனக்கு அன்று அந்த ஒழுங்கீனம் மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் யந்திரங்களும் மருந்துகளும் வேறு. ஆனால் நீங்களும் நோயாளியிடம், இதைத் தொடாதீர்கள், அங்கே போகாதீர்கள், இதைச் சாப்பிடாதீர்கள் என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எந்த நாள் வரைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னதைக் கேட்காத நோயாளியை நீங்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறவரைத்தான் தேடிப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கும்.

ஆதம்பாவா கழுத்தில் கட்டோடு திரும்பி வந்தார். ஒரு பக்கத் தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. நாடாவை முன்போல வீச முடியவில்லை என்றார். அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற என்னிடம் வருவார். குழந்தை வந்தாளா என்று நான் கேட்பேன். "இன்னும் இல்ல. நேத்து கதவுக்கால எட்டிப் பாத்தா" என்பார். அடுத்த முறை, "கையில கிடந்த பிஸ்கட்ட எடுத்துக்கொண்டு ஓடிட்டா" என்பார்.

ஒரு காலை வரிசையில் நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார். இடுப்பில் குழந்தை. அவருடைய தாடி முளைக்காத கன்னத்தில் தன் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தது.

"கட்டு மாத்தவேணும் மிஸி" என்றார், முறைப்பாடு சொல்லும் குரலில். "ஆனா இவள் இறங்குறாளில்ல."

இறக்கவேண்டாம் என்றேன். அவள் அவர் மடியில் இருக்கும்போதே கட்டை மாற்றினேன்.